ஓவர்டைம் டைரி

2017 கோடையில் வள்ளியூரில் என் ஆபீஸுக்கு ஒருவர் டைரியும் கையுமாக வந்தார். சவுதியில் தமாம் பக்கம் ஒரு குடோனில் ஏழு வருஷம் மூட்டை தூக்கியவர். 2016 ஜனவரியில் ஊர் திரும்பி, இங்கே ஒரு ஹார்டுவேர் கடை குடோனில் அதே வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிமெண்ட் மூட்டை, கம்பி, பைப். ஒரு வருஷம் கழித்து ஓவர்டைம் என்று வாயைத் திறந்ததும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டைரி சவுதிக் கம்பெனி சும்மா கொடுத்தது. ஹிஜ்ரி தேதியும் சேர்த்து அச்சடித்திருந்தது. வெள்ளிக்கிழமை சிவப்பு எழுத்தில். அதை அடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிப் பேனாவால் கட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டே எண்கள்: 8.55, 9.10. வந்த நேரம், போன நேரம்.

"இதை எதுக்குக் குறிச்சு வச்சீங்க?"

"அங்க பழகுனது சார். மாசக் கடைசியில டைம்ஷீட்டோட ஒத்துப் பாப்போம். பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டி வச்சுக்கிட்டாந்தான், இல்லங்கல. ஆனா நேரத்தக் களவாங்கல."

சவுதியை அவர் புகழவில்லை. கூடவே விமானம் ஏறிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஆடு மேய்க்கப் போய், ராப்பகல் தெரியாமல் கிடந்ததையும் சொன்னார். 2005-ல் வந்த சவுதி தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரரையும் இடையரையும் வெளியே நிறுத்திவிட்டது. குடோன்காரர் உள்ளே இருந்தார், அவ்வளவுதான். உள்ளே இருந்தவருக்கு நாளுக்கு 8 மணி, வாரம் 48. ரம்ஜான் மாதம் முஸ்லிம்களுக்கு நாளுக்கு 6. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு.

நம் சட்டத்தைச் சொன்னேன். 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலும் அதே 8, அதே 48. ஓவர்டைமைச் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. கூலி மட்டும் சவுதியை விட அதிகம்: 31-ம் பிரிவின்படி இரண்டு மடங்கு. அவர் சம்பளம் மாதம் 10,400. 26 நாளுக்கு வகுத்தால் 400, மணிக்கு 50. சவுதிக் கணக்கில் ஓவர்டைம் மணிக்கு 75. நம் கணக்கில் 100. "ரெண்டு மடங்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். கையில் வந்திருந்தது சைபர்.

சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 3 மணி கூடுதல் வேலை. 11 மாதம், 286 நாள், 85,800 ரூபாய். தொழில் தகராறு சட்டம் 33சி(2)-ன் கீழ் திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர். கணேஷ் ரசாக் வழக்கை எடுத்தார். உரிமையே தகராறில் இருக்கும்போது 33சி(2)-ல் கணக்குப் போட முடியாது என்று 1995-ல் வந்த தீர்ப்பு. இங்கே உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, மணி எத்தனை என்பதுதான் தகராறு என்று நான் 1963-ன் ராஜகோபாலன் வழக்கைக் காட்டினேன். அடுத்து, சட்டமே 10 மணிக்கு மேல் தடுத்திருக்கும்போது அந்த நேரத்துக்கு எப்படிக் கூலி கேட்பது என்றார். தடையை மீறியவரே தடையைக் காட்டி லாபம் பார்ப்பது! கடைசியாக, வளைகுடாக் கணக்கையெல்லாம் இங்கே கொண்டுவரக் கூடாது, நம் நாட்டுச் சூழல் வேறு என்றார். அந்த வாதத்துக்கு நூறு வயது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வாரம் 48 மணி என்று முடிவு செய்தபோது, இந்தியத் தொழிற்சாலைகளுக்கு 60 என்று தனியாக எழுதி வைத்தார்கள். அன்றைக்கும் இதே நாட்டுச் சூழல்தான்.

டைரி மட்டும் போதாது. அவரவர் எழுதிக்கொண்டதுதானே என்பார்கள். டைரிக்குள் அவர் பஸ் டிக்கெட் ஒட்டி வைத்திருந்தார். ராதாபுரம் பக்கம் போகும் ராத்திரி பஸ். கண்டக்டர் மிஷினில் தேதியும் மணியும் அடித்து வரும். அந்தத் தாளில் எழுத்து நிற்காது, பாதி டிக்கெட் வெள்ளையாகிவிட்டது. ஜன்னலோரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தேறிய 41-ஐ ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றுகூட ஒன்பதேகாலுக்கு முன்னால் இல்லை.

கடை தரப்பில் வருகைப் பதிவேடு வந்தது. ஒன்பது பேர், ஒரே மை, ஒரே கை, எல்லோரும் 9 முதல் 6. கடைக்காரர் கூண்டில் நின்றார்.

"இதை தினமும் எழுதுவீங்களா?"

"கணக்குப்பிள்ளை அன்னன்னைக்கே எழுதிருவாரு."

"2016 டிசம்பர் 6 பக்கத்தை எடுங்க. எத்தனை பேர் வந்திருக்காங்க?"

"ஒம்பது பேரும்."

"அன்னைக்குக் கடை திறந்திருந்துதா?"

"திறந்திருந்துது."

எதிர் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். முந்தின ராத்திரிதான் ஜெயலலிதா இறந்திருந்தார். அன்று வள்ளியூரில் டீக்கடைகூடக் கிடையாது. நீதிபதிக்கும் அந்த நாள் மறந்திருக்காது. என் கட்சிக்காரர் டைரியில் அந்தப் பக்கத்தில் மணி இல்லை. 'லீவு. அம்மா.' அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வராந்தாவில் சமாதானப் பேச்சு. 60,000 தருகிறோம் என்றார்கள். எனக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. பஜாரில் இன்னும் எத்தனை குடோன். அவருக்குக் கத்தாருக்கு விசா வந்திருந்தது. "தீர்ப்பு ஒங்களுக்கு சார். எனக்கு இப்ப பணந்தான் வேணும்." வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பணம் வந்த பிறகு ஒரு நாள் ராத்திரி எட்டே முக்காலுக்கு ஃபீஸ் பாக்கி கொடுக்க ஆபீஸுக்கு வந்தார். என் குமாஸ்தா கட்டு தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காலைல எத்தன மணிக்கு வந்திய?"

"எட்டரைக்கு."

என்னைப் பார்த்தார். வக்கீல் ஆபீஸ் கடையும் ஆகாது, வணிக நிறுவனமும் ஆகாது என்று கேரளத்து வழக்கு ஒன்றில் 1984-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, இந்தச் சட்டம் எங்களைத் தொடாது என்று விளக்கினேன். சட்டம் எனக்குச் சரளமாக வந்தது.

"சரிதான் சார்," என்றார். "சவுதியிலயும் ஆடு மேய்க்கவனுக்குச் சட்டம் கெடையாது."