"சும்மா உட்காருங்கள், அத்தை!"

சிங்கப்பூருக்குப் புறப்படுகிறேன் என்று சொன்னதுதான் தாமதம். வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. மன்னிக்குக் கோடாலித் தைலம், குழந்தைகளுக்குச் சாக்லெட், எதிர்வீட்டு மாமிக்கு ஒரு கைக்கடிகாரம்! "உங்களுக்கு என்ன வேண்டும், அத்தை?" என்று கேட்டேன். 78 வயதான அத்தை என்னை நிமிர்ந்து பார்த்து, "கீரை வந்ததா? கொடு, ஆய்ந்து தருகிறேன்" என்றாள்.

அத்தைக்கு மூன்று வருஷமாக மறதி நோய். முதலில் அரிவாள்மணையை எடுத்து ஒளித்து வைத்தோம். பிறகு தீப்பெட்டியை. அப்புறம் கோலப்பொடி, பூத்தொடுக்கும் நார் எல்லாம் ஒவ்வொன்றாகப் பரண் ஏறின. எல்லாம் அவள் நன்மைக்காகத்தான்! "நீங்கள் சும்மா உட்காருங்கள், அத்தை" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

சிங்கப்பூருக்கு மரப் பைத்தியம் பிடித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1963ஆம் வருஷம் ஜூன் 16ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ மண்வெட்டியும் கையுமாக ஒரு மரக்கன்றை நட்டார். அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. ஆனால், நான் இங்கே சொல்ல வந்தது நிழல் தரும் மரங்களைப் பற்றியல்ல. மருந்தாக உதவும் ஒரு தோட்டத்தைப் பற்றி.

அலெக்ஸாண்டிரா சாலையை ஒட்டி 'ஹார்ட்பார்க்' என்று ஒரு பூங்கா இருக்கிறது. 2008இல் திறந்தது; 23 ஹெக்டேர் பரப்பு. அதற்குள்ளே 2016ஆம் வருஷம் தேசியப் பூங்காக் கழகத்தார் முதியவர்களை, முக்கியமாக மறதி நோய் கண்டவர்களை, மனத்தில் வைத்துத் தனியாக ஒரு சிகிச்சைத் தோட்டம் போட்டார்கள். 2030க்குள் இப்படி 30 தோட்டங்கள் என்பது திட்டம். காரணம் இல்லாமல் இல்லை. 2013இல் அந்நாட்டில் நடந்த ஆய்வின்படி அறுபது வயது கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அது 8.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் முதியவர்களின் தொகை பெருகுகிறதே!

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாத்திகள் தரையில் இல்லை. மேஜை உயரத்தில் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் குனியாமல் மண்ணைத் தொடலாம். முள் உள்ள செடி கிடையாது; விஷச் செடியும் கிடையாது. நம் வீட்டு வாசல்களில் அழகுக்கு வைக்கிறோமே அரளி, அதற்கு இங்கே இடமில்லை!

நான் போன அன்று ஒரு பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். பராமரிப்பு நிலையத் தாதிகள், தொண்டர்கள், ஒரு வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் இந்தோனேசியப் பெண் ஒருத்தி என்று கலவையாக இருந்தார்கள். செடி வளர்க்கச் சொல்லித் தரப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆசிரியை முதலில் சொல்லித் தந்தது வேறு.

பாதிப் பேரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கையில் தடித்த உறையும் கண்ணில் மங்கலான கண்ணாடியும் மாட்டி, ஒரு நாற்றைத் தொட்டியில் நடச் சொன்னார். மற்றப் பாதிப் பேர் உதவிக்காரர்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: "கேட்டால் ஒழியக் கை நீட்டக் கூடாது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்!"

அடடா, என்ன சங்கடம்! மண் சிந்துகிறது, நாற்று சாய்கிறது, உதவிக்காரர்களின் தோள்கள் துடிக்கின்றன. ஒரு தாதி பொறுக்க மாட்டாமல் பாய்ந்து தொட்டியைப் பிடித்துவிட்டாள். "பார்த்தீர்களா?" என்று சிரித்தார் ஆசிரியை. "செடியைக் காப்பாற்றினீர்கள். அவர் செய்திருக்க வேண்டிய வேலையைப் பறித்துவிட்டீர்கள்."

வேறு சில விதிகளும் உண்டு. பூவாளியில் பாதித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். "இது என்னவென்று ஞாபகம் இருக்கிறதா?" என்று பரீட்சை வைக்கக் கூடாது, "இந்த வாசனை பிடிக்கிறதா?" என்று கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே செடி கூடாது. மலாய்ப் பாட்டிக்குப் பாண்டான் இலை, சீனப் பாட்டிக்கு வெங்காயத்தாள், தமிழ்ப் பாட்டிக்குக் கறிவேப்பிலை என்று அவரவர் அடுக்களையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிற்பகலில் ஒரு நிலையத்திலிருந்து முதியவர்கள் வந்தார்கள். அவர்களில் நம் தமிழ்ப் பாட்டி ஒருவர். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. காலையில் தொட்டியைப் பிடித்த அதே தாதி, தமிழ் தெரியாத சீனப் பெண், ஒற்றைக் கறிவேப்பிலையைக் கிள்ளி அவரிடம் நீட்டினாள். பாட்டி இலையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "இப்படியா கிள்ளுவது? கொத்தோடு ஒடிக்கணும், பெண்ணே!" என்று ஒரு அதட்டல் போட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். ஆசிரியை உதட்டில் விரலை வைத்தார். தாதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பாட்டி எட்டி, நடுங்கும் விரல்களால் ஒரு கொத்தை ஒடித்து அவள் கையில் வைத்தார். அன்று பாட்டியே ஆசிரியை!

இதனால் நோய் குணமாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. போன ஞாபகம் திரும்பாது என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் முதியவர்களைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்திப் பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தோட்டத்துக்குப் போனவர்களின் ரத்தத்தில் உடலின் அழற்சியைக் காட்டும் ஒரு பொருள் குறைந்திருந்ததாம். மருந்தில்லாத வேலைக்கு அதுவே பெரிய லாபம் அல்லவா?

ஊர் திரும்பினேன். தைலமும் சாக்லெட்டும் பங்கு போட்டாயிற்று. மறுநாள் காலை முளைக்கீரைக் கட்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து அத்தையின் முன்னால் நகர்த்தினேன். ஆய்ந்தாள். தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் என்று தொடங்கி, கொஞ்ச நேரத்தில் இரண்டும் கலந்து போயின. என் கை பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு ஒன்றரை மணிக்கு. மசியலில் நாலைந்து தண்டு நறநறவென்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை மட்டும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "யார் கீரை ஆய்ந்தது? இப்படித் தண்டோடு போட்டிருக்கிறாளே!" என்று கோபித்துக்கொண்டாள்.

"நான்தான் அத்தை" என்றேன். "நாளைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள்."