குற்றாலத்துக் கடைக்காரர்கள் ஏன் மலையையே பார்க்கிறார்கள்?

தென்காசியில் இருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர் சொச்சம்தான். பஸ்ஸில் டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணுவதற்குள் மலை தெரிந்துவிடும். அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் குளிக்கப் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம். பேரருவிப் பாதையில் கடை போட்டிருப்பவர்களுக்குப் பாதி சந்தோஷம், பாதி வயிற்றுக் கலக்கம்.

எல்லாம் அருவியில் இருக்கும் பாதுகாப்பு வளைவு படுத்தும் பாடு. தண்ணீர் அதற்குள் விழும் வரை துண்டு, நேந்திரம் சிப்ஸ், அல்வா, எண்ணெய் மசாஜ் எல்லாம் ஓடும். வளைவைத் தாண்டிவிட்டால் குளிக்கத் தடை. வந்த கூட்டம் வந்த வழியே பஸ் ஏறிவிடும். (பார்டர் புரோட்டாவுக்கு எந்தத் தடையும் இல்லாததால் பாதிப் பேர் செங்கோட்டைப் பக்கம் போய்விடுவார்கள்!)

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். அதை விட்டால் கார்த்திகை, மார்கழியில் வரும் ஐயப்ப பக்தர்கள்தான் வியாபாரிகளின் இரண்டாவது சீசன். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப்போட்டதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அது சரியாக மாலை போட்டவர்கள் வரும் நேரம். அடுத்த வருட டிசம்பரிலும் அருவிகள் ஆர்ப்பரித்தன.

சீசனே தொடங்காத மே மாதமும் இப்போது நம்பத்தக்கதாக இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் உயிரிழந்தார். கீழே லேசாக வெயில் அடிக்கும்போதுகூட மேலே காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் கீழே இறங்க அதிக நேரம் எடுப்பதில்லை. பேரருவியிலாவது நடுவில் பொங்குமாங்கடல் இருக்கிறது. விழும் தண்ணீரை வாங்கி, வேகத்தைக் கொஞ்சம் தணித்து அனுப்பும்.

அதனால்தான் இங்கே செல்போன் வானிலைச் செய்தியோடு அருவியின் நிறத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் மேலே பெருமழை என்று அர்த்தம். தரையில் பரப்பிய சரக்கு உயரே ஏற வேண்டும், தார்ப்பாய் இறங்க வேண்டும். துண்டுக் கடைக்காரர் மடித்து வைத்துவிட்டு நாளைக்கு விற்கலாம். பழக்கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் தடை நீங்கும் வரை காத்திருக்காது. கொஞ்சமாக வாங்கி அன்றன்றைக்கே தீர்ப்பதுதான் அவர் போட்டுக்கொள்ளும் இன்ஷூரன்ஸ்.

நீங்கள் போகும் நாளில் தடை விழுந்தால் முகம் சுளிக்காமல் ஐந்தருவிப் பக்கம் பழக்கடைகளுக்கு ஒரு நடை போய்வாருங்கள். சாயங்காலத்துக்குள் விற்றாக வேண்டும் என்பதால் அண்ணாச்சி விலையில் இறங்கி வருவார். ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள்.