குப்பத்துக் காற்றில் கானா

நொச்சிக்குப்பம், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

சென்னையின் உழைக்கும் மக்களிடையே, குறிப்பாக வடசென்னையில், பிறந்து வளர்ந்த பாட்டு கானா. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் சாலையோரம் இருக்கும் நொச்சிக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளிலும் அதற்கு ஆழமான பிடிப்பு உண்டு.

கானாவின் உருக்கம் சாவு வீட்டில் தொடங்குகிறது. மரண கானா பாடுபவர் இறந்தவரின் பெயர், செய்த தொழில், விட்டுச்சென்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் அங்கேயே பாட்டில் கோத்துவிடுவார். முதல் வரிகள் தாளமில்லாமல் இழுத்து இழுத்து வரும். கூட்டம் அடங்கிக் கேட்கும். பிறகு டோலக்கோ சட்டி மேளமோ இறங்கும்போது அழுதுகொண்டிருந்தவர்களின் கால்களும் தானாக ஆடும். செய்தித்தாளில் இடம்பெறாத ஒரு மனிதரின் வாழ்வு, அந்த ஓர் இரவில் தெருவே கேட்கும் வரலாறாகிறது. ஆறுதல் பிறப்பது அங்கேதான்.

கானாவில் கொண்டாட்டத்துக்கும் குறைவில்லை. ‘சித்திரம் பேசுதடி’ (2006) படத்தில் கானா உலகநாதன் பாடிய வாளைமீன் கல்யாணப் பாட்டில் கடல்மீன்களே உற்றார் உறவினராகக் கூடிவிடுகின்றன. மீன் விற்றுப் பிழைக்கும் கரையில் அது வெறும் கற்பனையல்ல. தினமும் கூடையில் கிடக்கும் பெயர்கள் பாட்டில் மரியாதையோடு நடமாடுகின்றன.

இந்த மரபை மேடைக்குழுவாக வளர்த்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. 19 பேர் கொண்ட அக்குழுவில் கானாப் பாடகர்களோடு ராப் பாடகர்களும் இருந்தனர்; சட்டி, டோலக்கோடு கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்தன. இடஒதுக்கீடும் ஆணவக்கொலையும் பாடுபொருளாயின. ஆண்களே நிறைந்த கானா மேடையில் தனிக்குரலாக ஒலித்த இக்குழுவின் பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

கிட்டார் சேர்ந்தாலும் கானாவின் அடிப்படை மாறவில்லை. துக்கத்தை அது மறைப்பதில்லை. துக்கத்தோடு ஒருவரைத் தனியாக விடுவதுமில்லை. சாவு வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அந்தத் துணை, மேடையில் ஒரு சமூகத்துக்கே கிடைக்கிறது. கேட்பவர் மனத்தைக் கானா பற்றிக்கொள்வது இதனால்தான்.

அன்புடன்,
உங்கள் நண்பன்