மூன்று மா நிலம்

வாப்பா விட்டுச் சென்ற நிலம் மொத்தம் 15 மா. தஞ்சைச் சீமைக் கணக்கில் 3 மா ஓர் ஏக்கர். ஆக, 5 ஏக்கர். உம்மா முன்னரே காலமாகிவிட்டார்கள். ஆண்மக்கள் இருவர், பெண் நான் ஒருத்தி. ஷரீஅத் வகுத்தபடி காக்காவுக்கும் தம்பிக்கும் ஆறாறு மா, எனக்கு 3 மா. வாப்பா மவுத்தான நாற்பதாம் நாளே எங்கள் ஹஜ்ரத் அவர்கள் இக்கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆயினும் பட்டா மட்டும் பிரியாமல் கூட்டாகவே கிடந்தது. உடன்பிறந்தோருக்குள் கோடு கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நான் பிறந்த ஊர் முத்துப்பேட்டை. வாழ்க்கைப்பட்டது குன்னத்தூரில். கடல் ஓரத்துப் பெண் கொங்கு நாட்டின் வறண்ட மண்ணுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. என் கணவர் திருப்பூரில் பனியன் வேஸ்ட் வாங்கி விற்பவர். வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. மூன்று நாட்கள் ஊருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. நான்காம் நாள் காக்காவின் குரல் கேட்டது: "உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாப்பா வைத்த தென்னையில் ஒன்றுகூட நிற்கவில்லை, தங்கச்சி." தாழ்ந்த வயலில் கடல்நீர் ஏறி, வடிந்தபின் வெள்ளை பூத்துக் கிடந்ததாம்.

அடுத்த சில மாதங்களில் ஒரு குத்தகைக்காரர் வந்தார். 15 மாவையும் சேர்த்து இறால் பண்ணைக்குக் கொடுத்தால் ஐந்தாண்டுக் குத்தகையை முன்பணமாகவே தருவதாகச் சொன்னாராம். உப்பேறிய நிலம் இனி எதற்கும் ஆகாது என்பது அவர் வாதம். என் 3 மா நடுவில் கிடக்கிறது. கூட்டுப் பட்டா வேறு. ஆகவே என் கையெழுத்து இல்லாமல் காரியம் நடவாது.

எங்களுக்கும் அப்போது பணமுடைதான். பண மதிப்பிழப்பையும் ஜி.எஸ்.டி.யையும் அடுத்து, வேஸ்ட் வியாபாரம் கடனில் நடந்து கொண்டிருந்தது. என் பங்குக்கு வரும் தொகை அந்தக் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிடும். கணவரிடம் கேட்டேன். "அது உன் வாப்பா சொத்து. அதில் நான் வாய் திறக்க மாட்டேன். நீயே முடிவு செய்" என்றார். முடிவு செய்யும் உரிமை எவ்வளவு பாரமானது என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

கையெழுத்திடத்தான் ஊருக்குப் புறப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் வழியெல்லாம் ஒரத்துப்பாளையம் நினைவுக்கு வந்தது. நொய்யலின் குறுக்கே சென்னிமலைக்கு அருகே 1992 இல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. பாசனத்துக்காகக் கட்டியது, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. மணமான சில ஆண்டுகளில், அப்பக்கம் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். கிணற்று நீரை வாயில் வைக்க முடியவில்லை. வீட்டு மாமி, "பாத்திரம் கழுவக்கூட ஆவதில்லை" என்று தலையைக் குனிந்து கொண்டார். உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு நா எழவில்லை. எங்கள் அடுப்பு எரிவதே அந்தத் திருப்பூர்ப் பிழைப்பில்தானே! நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தினர் நீதிமன்றப் படியேறி வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது திருப்பூரே ஸ்தம்பித்தது; எங்கள் வியாபாரமும்தான். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் பட்டறைகள் பின்னர் மாறின. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டு உடனே வெளியேறிவிடுமா என்ன?

இன்னொன்றும் உண்டு. நொய்யல் காவிரியில் கலக்கிறது. காவிரி கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்தில் கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்து, கடைசியில் எங்கள் முத்துப்பேட்டைக் காயலில்தான் வந்து சேர்கிறது. புகுந்த ஊரையும் பிறந்த ஊரையும் ஒரே நீர் இணைக்கிறது என்று சிறுபிள்ளைபோல் மகிழ்ந்த காலமும் இருந்தது.

மறுநாள் காலை தம்பியை அழைத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். சற்றுத் தொலைவில் ஏற்கெனவே ஓர் இறால் குளம் இருந்தது. அதை ஒட்டிய வயலில் புல்லும் இல்லை. குளத்தில் உப்புநீர் ஆண்டு முழுதும் தேங்கி நிற்கிறது. அது பக்கவாட்டில் கசிந்து அண்டை வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. நோய் விழுந்துவிட்டால் குத்தகைக்காரர் குளத்தைக் கைவிட்டுப் போய்விடுவார். மண்ணைத் திருத்துவது நிலத்துக்காரன் பாடு. 1990களில் நாகைக் கடலோரத்தில் இந்தக் கேட்டை எதிர்த்துத்தான் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் 'லாஃப்டி' இயக்கத்து ஏழை உழவர்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம், விளைநிலத்தை இறால் குளமாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 'ஆகாத நிலம்' என்ற சொல்லைக் குத்தகைக்காரர் ஏன் அத்தனை முறை உச்சரித்தார் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

வயலுக்கு அப்பால் அலையாத்திக் காடு. கஜாவில் இலையுதிர்ந்து, பல மரங்கள் பட்டுப்போய் நின்றன. ஆனால் சேற்றில் மூச்சு வேர்கள் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நின்றதைக் கண்டு சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சிறுமியாக இருக்கையில் வாப்பா என்னைப் படகில் அந்தக் காட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். வெள்ளையர் காலத்தில் கூறு கூறாக மரத்தை மொட்டையடித்ததால் உள்ளே நிலம் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. அலைநீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. இதற்கு மருந்து கண்டது, எங்கள் பகுதி மீனவர்கள் மீன்பிடிக்கத் தோண்டிய வாய்க்கால்களின் ஓரம் மரம் செழித்ததைக் கவனித்தவர்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். அலை உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பியது, காடு தழைத்தது. அதற்கென அமைந்த கிராம மன்றங்களில் வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினர். பெண்ணையும் சேர்த்தார்களே என்று வாப்பா அன்று வியந்து பேசியது நினைவிருக்கிறது. தமது மகளிடம் ஒருநாள் அதே கேள்வி வந்து நிற்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

அன்று மாலை காக்காவிடம் சொன்னேன்: "என் 3 மாவை நான் கொடுக்கவில்லை. பிரித்துத் தந்துவிடுங்கள்."

காக்கா கோபக்காரர் அல்லர். ஆனால் அன்று, "திருப்பூரில் ஊர் ஆற்றையே கெடுத்துச் சம்பாதித்தவர்கள் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. அவருக்கும் கடன் இருந்தது. விழுந்த தென்னை அவருடைய வயிற்றிலும்தான் அடித்தது. ஸலாம் சொல்லிவிட்டு இரவு பேருந்தில் ஏறினேன். ஈரோடு வந்து சேரும்வரை உறக்கம் வரவில்லை.

நடுவில் என் பங்கு நின்றதால் குத்தகைக்காரர் வேறிடம் பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டாண்டுகள் காக்கா பேசவில்லை. என் மகளின் நிக்காஹ்வுக்குத் தம்பி மட்டும் வந்தான்.

நிலத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வாப்பா காலத்திலிருந்து வயலைப் பார்த்துவந்த முதியவர் ஒருவர் வழி சொன்னார். வரப்பை உயர்த்தி மழைநீரைக் கட்டி வைத்து, கலங்கவிட்டு வடிக்க வேண்டும். உப்பு அதோடு இறங்கும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் நாகைப் பகுதி உழவர்களும் நம்மாழ்வார் போன்றோரும் உப்பு நிலத்தை மீட்டதும் இவ்வகை வழிகளில்தான்.

விதை திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து வந்தது. ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். வட்டியல்ல இது, அடுத்தவருக்கும் போய்ச்சேர வேண்டிய விதை. கஜா அடித்த சில வாரங்களில், 2018 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார். அங்கு விதை பெற்றிருந்த உழவர் ஒருவர், அதே கணக்கில் எனக்கு 2 கிலோ குழியடிச்சான் தந்தார். உவர் மண்ணைத் தாங்கும் பழைய ரகம்.

முதலாண்டு 1 மாவில் மட்டும் நட்டோம். பள்ளத்துப் பாதி கருகிவிட்டது. மேட்டுப் பாதியில் கிடைத்தது விதைக்கே சரியாக இருந்தது. 4 கிலோவைத் திருப்பினேன். இரண்டாம் ஆண்டு 2 மா. மூன்றாம் ஆண்டுதான் மூன்றும் பச்சையாயிற்று. கடனை அடைக்க அந்த நெல் உதவவில்லை. அதைக் கணவர்தான் வேஸ்ட் மூட்டை சுமந்து அடைத்தார், ஒருநாளும் குத்திக்காட்டவில்லை.

அந்த அறுவடைக்கு முன்தினம் காக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரித்தார். மகள் எப்படியிருக்கிறாள், மருமகன் எங்கே வேலை என்றெல்லாம் கேட்டார். நிலத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. வைக்கப் போகும்போது மட்டும், "சாக்கு எத்தனை வேண்டியிருக்கும், தங்கச்சி? நம் வீட்டில் கொஞ்சம் கிடக்கிறது" என்றார்.

பத்து போதும் என்றேன்.