வெயிலுக்கும் ஒரு கரை வேண்டும்

காட்டுமன்னார்கோயில்காரர்களுக்குத் தண்ணீரைத் தேக்குவது பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்ளிடத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வந்து வீராணம் ஏரியில் நிற்கிறது. கரை இருப்பதால் நிற்கிறது. இல்லாவிட்டால் அத்தனையும் கடலுக்குத்தான்.

வெயிலுக்கு அப்படியொரு கரை இல்லையே என்று நான் ஏங்கியது, 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்துப்போட்ட பிறகு. கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் மாமியாரின் இன்சுலின். மண்பானையில் ஈரமணல் நிரப்பி, மருந்தை டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, நனைத்த துணியைச் சுற்றிச் சமாளித்தோம். வெளியே பகலெல்லாம் வெயில் காய்ந்தது. பிடித்து வைக்கத்தான் வழியில்லை.

அதனால்தான், எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் என் மகள் டைட்டானியம் ஆக்ஸைடு ஜெல் பற்றிச் சொன்னபோது, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டேன்.

டைட்டானியம் ஆக்ஸைடு நமக்குப் புதிதல்ல. வெள்ளை பெயின்ட்டில் இருப்பது அதுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் என்ற தாதுவிலிருந்து அதைத் தயாரிக்கலாம். ஆல்கஹாலில் கரைத்த டைட்டானியம் சேர்மத்தில் அளவாகத் தண்ணீர் சேர்த்தால், கடற்பாசி ஜெல்லி போலத் தெளிவாக உறைகிறது.

அதன்மேல் புறஊதா ஒளி பட்டால், எலக்ட்ரான் ஒன்று தன் இடத்தைவிட்டு எழும்புகிறது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. சாதாரணமாக எலக்ட்ரான் மறுகணமே அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும், கிடைத்ததெல்லாம் வீண். ஜெல்லுக்குள் தங்கியிருக்கும் ஆல்கஹாலோ, தன் எலக்ட்ரானைக் கொடுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது. திரும்பிப் போக இடமில்லாத எலக்ட்ரான், டைட்டானியத்திலேயே தங்குகிறது. தெளிவாக இருந்த ஜெல் கருநீலமாக மாறுகிறது.

"அந்த நீலம்தாம்மா சேர்த்துவெச்ச வெளிச்சம்" என்றாள்.

காற்றுப் படாமல் மூடிவைத்தால் நீலம் நிற்கும். திறந்தால் ஆக்ஸிஜன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், நிறம் வெளுத்துவிடும்.

"இதை வெச்சு ஃப்ரிட்ஜ் ஓடுமாடி?"

"இப்போதைக்கு ஓடாதும்மா. ஆல்கஹால் தீர்ந்துபோகும். வெயில்ல புறஊதாவும் கொஞ்சம்தான் இருக்கு."

மாடியில் வைக்கும் சோலார் பலகை மின்சாரத்தைத் தரும். சேமிக்கத் தனியாக பேட்டரி வேண்டும். இந்த ஜெல்லிலோ பிரிப்பதும் சேமிப்பதும் ஒரே பொருளுக்குள் நடக்கிறது. ஒளி பட்ட டைட்டானியம் ஆக்ஸைடைக் கொண்டு தண்ணீரையே பிரிக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் எழுதினார்கள். அன்றிலிருந்து இந்த வெள்ளைப் பொருளை விஞ்ஞானிகள் விடவேயில்லை. என் மகளும் விடுவதாக இல்லை. அடுத்து பிஎச்.டி. என்கிறாள்.

"பொண்ணுக்கு வயசு ஏறுதே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். மாமியார்தான் பதில் சொன்னார். "ஏரிக்குக் கரை போட்டவன் ஒரே நாள்லயா போட்டான்? அவ படிக்கட்டும்."

எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.