பிள்ளைகளுக்கு மாநிலங்களை அறிமுகம் செய்வோம்



நம் நாட்டில் 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பகுதிகளும் உள்ளன. அவற்றின் பெயர்களையும் தலைநகரங்களையும் பிள்ளைகள் தேர்வுக்காக மனனம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் எங்களுக்கு மனனத்தின் அருமை தெரியும். பொருள் உணராமல் மனனம் செய்த பாடம் நெடுநாள் தங்காது என்பதும் தெரியும். ஆகவே, பள்ளிப் பாடத்திற்குத் துணையாக, ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் படக்கதை நூல்களையும் கைவேலைகளையும் கொண்டு ஒவ்வொரு மாநிலமாக அறிமுகம் செய்து வருகிறோம்.

எங்கள் ஆற்றிலிருந்தே தொடங்கினோம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும்வரை தமிழ்நாட்டைத் தாண்டுவதில்லை. மலையின் மறுபுறம் கேரளம். அட்டையில் வெட்டிய வரைபடத்தில் செங்கோட்டையை ஒட்டும்போது, அவ்வூர் முன்பு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததையும், 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்ததையும் சொன்னோம். “அப்போ அங்க இருந்தவங்க வீடு மாறுனாங்களா, வாப்பா?” என்று மகள் கேட்டாள். வீடும் மாறவில்லை, பள்ளிவாசலும் மாறவில்லை. எல்லைக்கோடு மட்டுமே மாறியது என்றோம். அன்று அவள் கற்றது ஒரு தேதியை மட்டுமன்று.

கைவேலைகளுக்குப் பெரிய செலவில்லை. பத்தமடைப் பாய் ஆற்றோரக் கோரையில் நெய்யப்படுவது. அதை நெய்வோரில் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பங்கள். பிள்ளைகள் வண்ணக் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சிறு பாய் செய்தார்கள். காஷ்மீரத்திற்காகப் பழைய நாளிதழை ஊறவைத்து அரைத்து, வடித்த கஞ்சியோடு பிசைந்து கிண்ணம் வார்த்தோம். குஜராத்தின் கட்ச் பகுதியில் கத்ரி முஸ்லிம்கள் மரஅச்சுகளால் துணியில் பதிக்கும் அஜ்ரக் வேலைப்பாட்டை, நறுக்கிய வெண்டைக்காயைச் சாயத்தில் தோய்த்துப் பதித்துப் பார்த்தார்கள்.

நூல்களில் எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டவை சென்னை துளிகா பதிப்பகத்தின் படக்கதைகள். ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறார்கள். தமிழ் நூலையும் மலையாள நூலையும் அருகருகே விரித்தால், எழுத்து வேறு, படம் ஒன்று. சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகளுக்கு அது புரிகிறது.

இம்முயற்சியின் தேவையை ஒரு நிகழ்வு உணர்த்தியது. எங்கள் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குக் கட்டட வேலை செய்யும் வெளிமாநிலச் சகோதரர்கள் பலர் வருகிறார்கள். அவர்களுள் ஒருவரை எங்கள் இளைய மகன் “வடக்கன்” என்றான். தெருவில் கேட்ட சொல். கண்டிப்பதற்கு முன், அடுத்த வாரப் பாடமாக மேற்கு வங்கத்தை எடுத்துக்கொண்டு, வங்காளப் படக்கதை ஒன்றை வரவழைத்தோம். ஜும்ஆவுக்குப் பின் அந்தச் சகோதரரிடம் அதை நீட்டி, வாசித்துக் காட்டும்படி எங்களுக்குத் தெரிந்த உர்தூவில் கேட்டுக்கொண்டோம். வெளித் திண்ணையில் அமர்ந்து மெல்ல வாசித்தார். வரைபடத்தில் முர்ஷிதாபாத்தின் மீது விரல் வைத்தார். அங்கே தமக்கு இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன் இருப்பதாகச் சொன்னார். எங்கள் மகனும் இரண்டாம் வகுப்புதான். அவன் திருநெல்வேலியிலிருந்து அந்த விரல் வரை சாண் போட்டு அளந்துவிட்டு, “இவ்வளவு தூரமா?” என்றான். அந்தச் சொல்லை அவன் பிறகு சொல்லவில்லை. கண்டிக்கும் தேவையும் எழவில்லை.

மனிதர்கள் சமூகங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. பெருமை பேசுவதற்கு அங்கே இடமில்லை. இறையச்சமே மேன்மையின் அளவுகோல். மாநிலப் பாடத்தையும் இந்த அறிமுகத்தின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

பெற்றோர்களே, வாரத்திற்கு ஒரு மணி நேரம் போதும். நூலகத்திலிருந்து ஒரு படக்கதை, ஓர் அட்டை, கொஞ்சம் பசை. உங்கள் ஊருக்கு வேலை தேடி வந்தவர்களின் மாநிலத்திலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் உங்கள் தொழுகை வரிசையிலேயே நிற்கக்கூடும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் விரிந்த உள்ளத்தையும் வழங்குவானாக. ஆமீன்.