நள்ளிரவில் கப்பல் ஏறியவர்

பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் காசிங் வழியாகப் போய்வருபவர்களுக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் நன்றாகத் தெரியும். இயேசு சபைக் குருக்கள் நடத்தும் பங்கு அது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் தேதி சவேரியார் திருநாள். அவர் கடல் தாண்டி வந்ததையும், ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததையும் மறையுரைகளில் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் அவரை எனக்கு மிகவும் நெருக்கமானவராக ஆக்கியது வேறொரு செய்தி. அவர் ஒரு தீவை விட்டுப் புறப்பட்ட விதம் அது.

1545 செப்டம்பரில் மயிலாப்பூரிலிருந்து மலாக்கா வந்து சேர்ந்தார் சவேரியார். அங்கே தங்கியிருந்த மாதங்களில் முக்கிய ஜெபங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்து கையில் எடுத்துக்கொண்டார். 1546 ஜனவரி 1ஆம் தேதி கிழக்கு நோக்கிக் கப்பல் ஏறினார். முதலில் அம்போன், பிறகு தெர்னாத்தே, அதற்கும் அப்பால் மோரோ தீவுகள். தெர்னாத்தே சின்னஞ்சிறு தீவு. நடுவில் எரிமலை, சரிவுகளில் கிராம்பு மரங்கள், கரையில் போர்த்துகீசியக் கோட்டை. கிராம்புக்காகக் கப்பல்கள் போன இடத்துக்கு இவர் மனிதர்களுக்காகப் போனார்.

மோரோவிலிருந்து திரும்பிய பின் தெர்னாத்தேயில் ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தார். 1547 ஈஸ்டர் காலத்தில் புறப்பட வேண்டியதாயிற்று. அந்தப் புறப்பாட்டைப் பற்றி 1548 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதினார். தம்மேல் அன்பு வைத்திருந்த ஆண்களும் பெண்களும் அழுவார்கள், அதைத் தவிர்க்க வேண்டும் என்று நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் கப்பல் ஏறினாராம். அப்படியும் தப்ப முடியவில்லை. அவர்கள் கண்ணில் படாமல் போக வழியே இருக்கவில்லை. தாம் இல்லாமல் போவதால் இவர்களுடைய ஆன்மாவுக்கு என்ன குறை வருமோ என்ற உணர்வை அந்த இரவும் பிரிவும் தமக்குத் தந்ததாக எழுதுகிறார்.

இத்தனை ஊர் சுற்றிய மனிதருக்கும் ஓர் ஊரை விட்டுப் போவது பழகிப்போகவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு மனம் கரைந்தது. அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. புறப்படுமுன் அவர் செய்து வைத்த ஏற்பாடுகள். அவருக்குப் பழக்கமான ஒரு குரு தினமும் இரண்டு மணி நேரம் மறைக்கல்வி நடத்த வேண்டும். போர்த்துகீசியர்கள் மணந்திருந்த உள்ளூர்ப் பெண்களுக்கு வாரம் ஒரு முறை விசுவாசப் பிரமாணத்தை விளக்க வேண்டும். இரவானதும் ஒருவர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் மணியுமாக வீதிகளில் நடந்து, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகவும் பாவத்தில் கிடப்பவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி எல்லாரையும் அழைக்க வேண்டும். அழுகைக்குப் பயந்து இருட்டில் கிளம்பிய அதே மனிதர், மறுநாள் காலையில் யார் என்ன செய்வார்கள் என்பதை முன்பே ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இது அவர் நம் தமிழ்க் கரையில் கற்ற பாடம் என்றே நினைக்கிறேன். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்கு ஒரே ஊரில் தங்கிவிட முடியாத நிலை. கடற்கரை நெடுக ஊர்கள், போய்ச் சேர ஒரே ஆள். ஆகவே ஊருக்கு ஊர் ஜெபங்களை ஓலையில் எழுதிக் கொடுத்தார். எழுதத் தெரிந்தவர்களைப் படியெடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லித்தரவும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் அந்தந்த ஊர்க்காரரையே கணக்கப்பிள்ளையாக நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்ச்சுகல் அரசி கத்தரீனின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த 4000 பொன் பணத்தை இதற்காகக் கேட்டு வாங்கினார். அவர் மணப்பாட்டிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போய்விட்ட பிறகு அந்தக் கரையில் விசுவாசம் தங்கியதென்றால், அதில் பெரும்பங்கு பெயர் தெரியாத அந்தக் கணக்கப்பிள்ளைகளுடையது.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டிலிருந்து வந்து பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் பங்கில் பணியாற்றிய ஒரு ஃபாதரின் கடைசி வாரத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய துறவற சபை அவரை வேறொரு நாட்டுக்கு அனுப்பியிருந்தது. பங்கில் வழக்கம்போல வழியனுப்பு விருந்து ஏற்பாடாயிற்று. நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “விருந்து ஒரு நாள் போதும். மத்த சாயங்காலமெல்லாம் எனக்கு வேணும்.”

அந்தச் சாயங்காலங்களில் நான் காரோட்டினேன். பின் இருக்கையில் எங்கள் பங்கின் நற்கருணைப் பணியாளர்கள் இருவர், ஓர் அக்காவும் ஒரு தம்பியும். டேசா மெந்தாரி அடுக்குமாடிகள், பழைய டவுன் பக்கத்து வரிசை வீடுகள், இன்னும் சில முதியோர் இல்லங்கள். படுக்கையில் கிடப்பவர்கள், ஆலயத்துக்கு வர முடியாதவர்கள் எல்லாரையும் ஃபாதர் பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் முடிந்ததும் பின்னால் நின்ற அக்காவை முன்னே கூப்பிட்டுக் கட்டிலருகே நிறுத்துவார். “அம்மா, இவங்கள நல்லாப் பாத்துக்குங்க. அடுத்த வாரத்திலிருந்து இவங்கதான் வருவாங்க.”

அவர் சட்டைப் பையில் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருந்தது. மளிகைக் கடைகளில் கடன் எழுதி வைப்பார்களே, அதே சின்னப் புத்தகம். வியர்வை பட்டு அட்டை வளைந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. எந்தப் புளோக், எத்தனையாவது மாடி. எந்தத் தாத்தாவுக்கு இடது காது கேட்காது. எந்த வீட்டு மகன் இரவு வேலை முடிந்து பகலில் தூங்குவான், ஆகவே மணியடிக்காமல் கதவைத் தட்ட வேண்டும். எந்தப் பாட்டிக்கு விழுங்கச் சிரமம், அப்பத்தைச் சிறு துண்டாக்கித் தண்ணீருடன் கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. கடைசி வீட்டில் அந்தப் புத்தகத்தை அக்காவின் கையில் கொடுத்தார். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

ஒரு பாட்டி மட்டும் அவர் கையை விடவில்லை. “சாமி, நீங்க போயிட்டா நான் சாகறப்ப யாரு வருவா?” என்று கேட்டார். ஃபாதர் கட்டிலோரத்தில் உட்கார்ந்துகொண்டார். “வருவாங்க பாட்டி. புதுசா வர்ற ஃபாதர்கிட்ட உங்க பேர முதல்ல சொல்லியிருக்கேன்” என்றார். அப்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. கிளம்பும்போது பாட்டியின் மருமகள் ஒரு மைலோ டின் நிறைய அச்சுமுறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். மால்தா தீவில் மூன்று மாதம் தங்கிய புனித பவுல் புறப்பட்டபோது, தீவு மக்கள் அவருக்குத் தேவையான பொருள்களையெல்லாம் கப்பலில் ஏற்றினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. பிரிகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராதது எந்தத் தீவிலும் எந்த அடுக்குமாடியிலும் ஒன்றுதான்.

மிஷனரிகள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை இந்த நாடே ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. வெளிநாட்டு மிஷனரிகள் இங்கே தங்கும் காலத்துக்கு அரசாங்கம் வரம்பு விதித்த காலம் அது. பிரெஞ்சுக் குருக்களையே பெரிதும் நம்பியிருந்த தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது பெரிய அதிர்ச்சி. 1976 ஆகஸ்டில் கோலாலம்பூர்ப் பேராயர் டொமினிக் வெண்டர்கான் உள்ளிட்ட மூன்று ஆயர்களும் அவர்களுடைய குருக்களும் பினாங்கில் ஒன்றுகூடி, இனி எப்படி என்று ஒரு மாதம் முழுக்கச் சிந்தித்தார்கள். அந்த மாதம் பங்குகளில் திருப்பலி இல்லை.

அப்போது நாங்கள் கிள்ளானில் இருந்தோம். நான் ஆரம்பப்பள்ளி மாணவன். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் வீட்டு ஐந்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா நற்செய்தியை வாசித்தார். ஊழியர்களின் பெயர்ப்பட்டியலைக் கணீரென்று படிக்கும் அவருடைய குரல் அன்று முதல் இரண்டு வசனங்களுக்கு நடுங்கியது. பிறகு நிமிர்ந்துவிட்டது. ஜெபமாலையை அம்மா தொடங்கினார். அதுவரை குரு வாசிக்கக் கேட்டு மட்டுமே பழகிய மனிதர்கள், தாங்களே வாசிக்கலாம், நோயாளியைப் பார்க்கப் போகலாம், இறந்தவருக்காக ஜெபம் நடத்தலாம் என்று அந்த ஒரு மாதத்தில் கண்டுகொண்டார்கள். இன்று நம் பங்குகளில் வீடு வீடாகக் கூடும் அன்பியங்கள் அந்த ஆகஸ்டின் பிள்ளைகள். கணக்கப்பிள்ளைகளின் வாரிசுகள் என்றும் சொல்வேன்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஒரு மிஷனரி எத்தனை ஆண்டு இருந்தார், எத்தனை கட்டடம் எழுப்பினார் என்பவற்றைவிட, தம் கடைசி வாரத்தை எப்படிச் செலவிட்டார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. வந்த புதிதில் எல்லாரும் உழைப்பார்கள், ஊர் நம்மைக் கவனிக்கிறது என்ற எண்ணமே உழைக்க வைக்கும். கடைசி வாரத்தில் செய்யும் வேலையின் பலனை அவர் பார்க்கப்போவதில்லை. அதற்கான பாராட்டு அடுத்து வருபவருக்குப் போகும். அது தெரிந்தும் ஒரு தாத்தாவின் இடது காதைப் பற்றிக் குறித்துக் கொடுப்பவர் உண்மையிலேயே அந்தத் தாத்தாவுக்காக வந்தவர்.

இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு குருவின் மாற்றல் செய்தி வந்ததும் நம் பங்குகளில் இரண்டு காரியம் நடக்கிறது. பேராயருக்கு மனுப் போட்டு அவரை நிறுத்தி வைக்கப் பார்க்கிறோம். அது நடக்காதென்று தெரிந்ததும், விருந்துக்கு மேல் விருந்து வைத்து அவருடைய கடைசி நாள்களை எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் அன்பினால் செய்வதுதான். அந்த அன்பை வேறு வழியில் திருப்பலாம். விருந்து ஒன்று போதும். மிச்சமுள்ள மாலைகளில் அவரோடு நான்கு பேர் வீடுகளுக்குப் போகட்டும். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட ஆளில்லை, எந்தக் குடும்பம் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும். புதியவர் வந்து இறங்கும்போது அந்த நால்வரும் அவரை அழைத்துப்போகட்டும்.

தெர்னாத்தேயை விட்ட சவேரியார் அந்தத் தீவுக்குத் திரும்பவே இல்லை. 1552 டிசம்பரில் சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன மணியை அடிக்கத் தெர்னாத்தேயில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பெட்டாலிங் ஜெயாவின் ஒவ்வொரு பங்கிலும் அந்த ஆள் இன்றும் வேண்டியிருக்கிறது. அடுத்த மாற்றல் பட்டியல் வருமுன் நம்மில் யார் அவர் என்று நாமே முடிவு செய்துகொள்வது நல்லது.